தலைக்கு மேலே ஒரு தகரம்



மழை பெய்தால் மகிழாத உள்ளம் உண்டோ? வானம் கறுத்து, முதல் துளி மண்ணில் விழுந்ததும் ‘ரஹ்மத் இறங்கிவிட்டது’ என்று கையேந்தும் சமுதாயம் நம் சமுதாயம். ஆயினும், மழைத் துளி விழத் தொடங்கியதும் முகம் சுளித்த ஓர் ஆசிரியனை இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். அவன் வேறு யாருமல்லன். இதை எழுதும் நானேதான்.

எங்கள் மதரஸாவின் மொட்டை மாடியில் ஓர் அறை உண்டு. 20 அடி நீளம், 15 அடி அகலம். மூன்று பக்கம் செங்கற் சுவர்; மேலே தகரக் கூரை. அஸருக்குப் பின் 35 பிள்ளைகள் அங்கே ஓத வருவார்கள். ஐப்பசி மழை அந்தத் தகரத்தின் மீது இறங்கும்போது, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் தட்டு முட்டுச் சாமான்களைக் கொட்டிக் கவிழ்ப்பது போன்ற பேரிரைச்சல் எழும். பிள்ளைகளின் உதடுகள் அசைவது தெரியும், ஓசை வராது. அரபு எழுத்துகளில் தொண்டையின் நடுவிலிருந்து பிறக்கும் ஒலிக்கும், தொண்டையின் அடியிலிருந்து பிறக்கும் ஒலிக்கும் உள்ள வேறுபாடு நூலிழை போன்றது. அதைக் காதால் கேட்டுத் திருத்துவதுதான் என் பணி. காதே கேட்காத இடத்தில் திருத்துவது எங்ஙனம்?

மழைக்காலம் இப்படி என்றால், கோடையோ வேறு விதம். ஒரு சித்திரை மாலையில், பின் வரிசைச் சிறுவன் ஒருவன் கிதாபின் மேல் தலை சாய்த்து உறங்கினான். எல்லோர் முன்னிலும் அவனைக் கடிந்துகொண்டேன். அவன் எழுந்து நின்று, “தலை சுத்துது ஹஜ்ரத்” என்றான். அடுத்த கணம் வாந்தி எடுத்தான். மறுநாள் ஒரு வெப்பமானியைக் கொண்டுவந்து அறையில் தொங்கவிட்டேன். வெளியே நிழலில் 36 டிகிரி. உள்ளே 41 டிகிரி! அந்தப் பிள்ளை உறங்கியது சோம்பலினால் அன்று. அவன் தலைக்கு மேலே ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதை அறியாமல் நான் அவனை ஏசினேன். அந்த வெட்கம்தான் இந்தக் கட்டுரையின் தொடக்கம்.

நான் கலைப் பட்டம் பெற்றவன். பௌதிகத்தோடு எனக்கிருந்த உறவு பத்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது. எனவே ஓர் அறிஞனாக அன்று, கேட்டும் பார்த்தும், பணம் இழந்தும் கற்றுக்கொண்ட ஒருவனாகவே உங்களிடம் பேசுகிறேன்.

கீற்றுப் போனது; தகரம் வந்தது

நம் முன்னோர் தகரத்தின் கீழ் வாழ்ந்தவர்கள் அல்லர். ஓடும் கீற்றும்தான் அவர்களின் கூரை. நெளிவுத் தகடு என்பது 1829ஆம் ஆண்டில் இலண்டன் துறைமுகப் பொறியாளர் ஹென்றி ராபின்சன் பாமர் என்பவர் காப்புரிமை பெற்ற ஒரு பொருள். மெல்லிய இரும்புத் தகட்டை அலை அலையாக மடித்தால் அது தன் எடையைத் தானே தாங்கும் வலிமை பெறும் என்பதே அதன் இரகசியம். பின்னர் துத்தநாகப் பூச்சு வந்து, துருவையும் தாமதப்படுத்தியது. தூக்குவதற்கு எளிது, விலை மலிவு, ஒரே நாளில் கூரை ஆகிவிடும். உலகெங்கும் அது பரவியதில் வியப்பில்லை.

ஆனால் தென்னங்கீற்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். அடுக்கடுக்கான ஓலை, ஓலைகளுக்கிடையே அசையாத காற்று. அந்தக் காற்று வெயிலை உள்ளே விடாது. மழைத் துளி விழுந்தால் ஓலை வளைந்து கொடுக்கும், ஓசை எழாது. வெப்பத்தையும் ஓசையையும் ஒருங்கே தடுத்த கூரை அது. அதன் ஒரே பகை நெருப்பு. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. அந்த நாளை நினைத்தால் இன்றும் நெஞ்சம் நடுங்குகிறது. அதன் பின் தமிழகத்துப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. அகற்றப்பட்டது நியாயமே. பல இடங்களில் அந்த இடத்திற்குத் தகரமும் சிமெண்ட் தகடும் வந்தன.

தீயிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றினோம். வெயிலுக்கும் இரைச்சலுக்கும் விட்டுவிட்டோம். இப்போது நம் முன்னுள்ள கேள்வி ஒன்றுதான்: கீற்றின் குளுமையையும் அமைதியையும், கீற்றின் நெருப்பு அபாயம் இல்லாமல் திரும்பப் பெற முடியுமா?

பணம் போனது, பாடம் வந்தது

எங்கள் மஹல்லாவின் பெரியவர்கள் என் முறையீட்டைக் கேட்டு, மனமுவந்து பணம் திரட்டித் தந்தார்கள். ‘வெப்பத்தைத் தடுக்கும்’ என்று கடைக்காரர் சொன்ன அலுமினியப் படலத்தை வாங்கினோம். அதைத் தகரத்தின் அடியில் இறுக ஒட்டி, அதன் மேல் அரை அங்குலத் தெர்மோகோல் தகடுகளையும் அழுத்தி ஒட்டினோம். பார்வைக்கு அறை வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் இருந்தது. வெப்பம் ஏதோ சிறிது குறைந்தது. ஆனால் முதல் மழையிலேயே தெரிந்துவிட்டது, இரைச்சல் அணுவளவும் குறையவில்லை என்று.

அப்போதுதான் எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு பாய் அறைக்கு வந்தார். பஸ் பாடி கட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்ற கரூரில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாகச் சிறு பட்டறை வைத்திருப்பவர். அண்ணாந்து பார்த்தார். தெர்மோகோலை விரலால் தட்டினார். சிரித்துவிட்டு, “ஹஜ்ரத், நாளைக்கு லுஹர் முடிஞ்சதும் பட்டறைக்கு வாங்க. ஒரு வேனோட கூரையைக் காட்டுறேன். உங்க அறையும் அந்த வேனும் ஒரே ஜாதிதான்” என்றார்.

ஒரு வேனின் கூரை

மறுநாள் சென்றேன். நீண்ட பயணம் செல்லும் ஒரு குடும்பத்திற்காக, உள்ளேயே படுக்கையும் சமையல் மேடையும் அமைத்த வேன் ஒன்று அங்கே உருவாகிக்கொண்டிருந்தது.

இத்தகைய ‘வீட்டு வேன்’கள் மேலை நாடுகளில் பழைய வழக்கம். 1950இல் ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம் தன் வேனைத் தயாரிக்கத் தொடங்கிய மறு ஆண்டே, வெஸ்ட்பாலியா என்னும் நிறுவனம் அதனுள் படுக்கையும் அலமாரியும் பொருத்தித் தர முன்வந்துவிட்டது. நம் அண்டை மாநிலமான கேரளமும் 2021இல் இத்தகைய வாகனங்களுக்கென ஒரு சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது.

வேனின் உட்புறம் இன்னும் மூடப்படவில்லை. மேலே வெறும் இரும்புத் தகடு. பாய் ஒரு மரக்கட்டையால் அதைத் தட்டினார். ‘டங்’ என்ற ஓசை நீண்டு ஒலித்தது. பிறகு தம் உள்ளங்கையைத் தகட்டின் மேல் வைத்துக்கொண்டு மறுபடியும் தட்டினார். ‘தொப்’ என்ற சிறு ஓசையோடு அடங்கிவிட்டது.

“கை வச்சா அடங்குதுல்ல? அந்தக் கையோட வேலையைத்தான் இது செய்யும்” என்று, அலுமினியத் தாள் போர்த்திய கறுத்த, பிசுபிசுப்பான ஒரு ரப்பர் தகட்டைக் காட்டினார். பியூட்டைல் ரப்பராம். அதில் ஒரு துண்டைத் தகட்டின் நடுவில் ஒட்டி, உருளையால் அழுத்தித் தேய்த்தார். தட்டிப் பார்த்தார். கை வைக்காமலேயே ‘தொப்’!

பிறகு அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் குறித்து வைத்துக்கொண்டேன்: “வெயில் வேற திருடன், சத்தம் வேற திருடன் ஹஜ்ரத். ரெண்டு பேரும் ஒரே வாசல்ல வர்றதில்லை. நீங்க ஒரு பூட்டை வாங்கி ரெண்டு வாசலையும் பூட்டப் பார்த்தீங்க.”

வாசகர்களே! இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. எஞ்சியவை அதன் விளக்கம்தான்.

வெயில் வரும் வாசல்

மேகமற்ற கோடை நண்பகலில் ஒரு சதுர மீட்டர் கூரையின் மீது ஏறத்தாழ 1000 வாட் வெயில் விழுகிறது. எங்கள் அறையின் கூரை ஏறத்தாழ 28 சதுர மீட்டர். அதாவது 1000 வாட் மின் அடுப்புகள் 28ஐ ஒரே நேரத்தில் கூரை மீது எரியவிட்டதற்கு ஒப்பாகும்! இந்த வெப்பம் மூன்று படிகளில் நம்மை அடைகிறது.

முதற்படி, தகரம் வெயிலை உறிஞ்சுவது. துருவேறிக் கறுத்த தகரம் தன் மீது விழும் வெயிலில் பெரும் பகுதியை விழுங்கி, தொட்டால் கை பொசுங்கும் அளவுக்குச் சூடேறும். வெண்மையான பூச்சோ பத்துப் பங்கில் ஏழெட்டுப் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். எனவே முதற் செலவு கூரையின் மேற்புறத்தில்தான் செய்யப்பட வேண்டும். துருவைத் தேய்த்து எடுத்து, உலோகத்திற்குரிய பிரைமர் அடித்து, அதன் மேல் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சைப் பூசவேண்டும். சுண்ணாம்புப் பூச்சு காரைத் தளத்திற்கு உகந்தது, தகரத்திற்கு அன்று. சுண்ணாம்பின் காரம் துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். புழுதி படியப் படிய வெண்மை தன் பயனை இழக்கும் என்பதால், ஆண்டுதோறும் பங்குனியில் கூரையைக் கழுவுவது நன்று.

2010ஆம் ஆண்டு மே மாத வெப்ப அலையில் பெரும் உயிரிழப்பைச் சந்தித்த அகமதாபாத் நகரம், 2013இல் வெப்பத்தை எதிர்கொள்ளும் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. 2017 முதல் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கும் பணியையும் அங்கே மேற்கொண்டார்கள். தெலங்கானா மாநிலம் 2023இல் இதற்கெனவே ஒரு கொள்கையை வெளியிட்டது. ஒரு வாளி வெள்ளைப் பூச்சை அரசாங்கங்களே இவ்வளவு பெரிதாக மதிக்கும்போது, நாம் அதை அற்பமாக எண்ணலாகாது.

இரண்டாம் படி, தகரத்தின் ஊடே வெப்பம் இறங்குவது. இரும்பு வெப்பத்தைக் கடத்துவதில் தெர்மோகோலைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வல்லது. அசையாமல் அடைபட்ட காற்றோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. தெர்மோகோல், கண்ணாடி நார், பஞ்சு, தென்னை நார் ஆகிய யாவும் வெப்பத்தைத் தடுப்பது தம்முள் அடைத்து வைத்திருக்கும் காற்றின் துணையால்தான். அவற்றை இறுக அழுத்தினால் காற்று வெளியேறும். பயனும் அதனுடன் வெளியேறும்.

மூன்றாம் படி, சூடேறிய தகரம் கீழ்நோக்கி வீசும் அனல். கல்யாண வீட்டில் பெரிய தேக்சா அடுப்பருகே நின்றவர்களுக்கு இது தெரியும். அடுப்பைத் தொடாமலேயே முகம் காயும். இந்த அனலைத் தடுப்பதில் அலுமினியப் படலத்துக்கு நிகரில்லை. தன் மீது படும் அனலில் நூற்றுக்கு 95 பங்கைத் திருப்பிவிடும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதன் பளபளப்பான முகத்துக்கு எதிரே வெற்றிடமாகக் காற்று இருக்க வேண்டும்.

இதைச் சோதிக்க உங்கள் சமையலறையே போதும். சூடான தோசைக் கல்லின் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டுங்கள், அனல் தெரியும். இடையில் ஓர் அலுமினியத் தாளைக் கல்லில் படாமல் பிடியுங்கள், அனல் நின்றுவிடும். அதே தாளைக் கல்லின் மேல் ஒட்டிவைத்தால், நொடியில் தாளும் சுடும்! நாங்கள் செய்த பிழை இதுவே. தகரத்துக்கும் தெர்மோகோலுக்கும் நடுவே படலத்தை நசுக்கி வைத்தோம். அனலைத் திருப்ப வேண்டிய கண்ணாடியைக் கைகளைக் கட்டி மூலையில் நிறுத்திவிட்டோம். நான்கு விரற்கடை இடைவெளி விட்டுக் கட்டியிருந்தால் அதே படலம் தன் கடமையைச் செய்திருக்கும்.

ஓசை பிறக்கும் இடம்

இனி இரண்டாம் திருடனைக் காண்போம். மழையின் ஓசை எங்கிருந்தோ வந்து கூரையைத் துளைத்து நுழைவதாகவே நான் எண்ணியிருந்தேன். அது தவறு. மழை ஓசையோடு வருவதில்லை. துளி தகரத்தில் மோதும்போது தகரமே அதிர்ந்து ஓசையைப் பிறப்பிக்கிறது. தகரம் ஒரு தப்பு. மழைத் துளி அதை அடிக்கும் குச்சி. எனவே ஓசையை வழிமறிப்பதற்கு முன், அது பிறக்கும் இடத்திலேயே அடக்குவது அறிவுடைமை.

அதற்கு மூன்று வழிகள் உள.

ஒன்று, துளியைத் தகரத்தில் விழாமல் தடுப்பது. மாடித் தோட்டத்துக்குக் கட்டும் பச்சை நிழல் வலையைத் தகரத்துக்கு ஓரடி மேலே இழுத்துக் கட்டினால், பெருந்துளி உடைந்து சிறு தூறலாகிக் கீழே விழும். கோடையில் அதே வலை நிழலும் தரும். காற்றுக்குப் பிய்ந்து பறக்காதபடி உறுதியாகக் கட்டவேண்டும் என்பது மட்டுமே இதன் வேலை.

இரண்டு, தகரத்தின் அதிர்வை அடக்குவது. பாய் காட்டிய ரப்பர் தகடு அதற்குத்தான். அதிர்வின் ஆற்றலை அது உள்வாங்கி, உணர முடியாத சிறு வெப்பமாக மாற்றிவிடும். கூரை முழுவதும் ஒட்ட வேண்டியதில்லை. சட்டத்துக்குச் சட்டம் உள்ள இடைவெளியின் நடுப்பகுதிதான் அதிகம் அதிர்கிறது. அந்த நடுப்பகுதியில், பரப்பில் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை ஒட்டினாலே பயனில் பெரும் பகுதி கிடைத்துவிடும். ஆனால் விலை மலிவென்று தார்க் கலவையாலான தகட்டை வாங்கிவிடாதீர்கள். நம் ஊர் வெயிலில் தார் இளகும், நாறும், கழன்றும் விழும்.

மூன்று, எஞ்சிய ஓசையை உறிஞ்சுவதும் மறிப்பதும். இதற்கு நாரும் நுண்துளையும் கொண்ட பொருள் வேண்டும். கண்ணாடி நார், பாறை நார் போன்றவற்றினுள் நுழையும் ஓசை நார்களுக்கிடையே உராய்ந்து உராய்ந்து தேய்ந்துவிடும். அதன் கீழே ஜிப்சம் பலகை போன்ற கனமான ஒன்று இருந்தால், தப்பிய ஓசையையும் மறிக்கும். தெர்மோகோலில் காற்று தனித்தனி மூடிய அறைகளில் அடைபட்டிருப்பதால் ஓசை உள்ளே நுழைந்து தேய வழியில்லை. மறிப்பதற்கு அதில் கனமும் இல்லை. வெயிலுக்கு நல்ல காவலன். ஓசைக்கோ கதவைத் திறந்துவிடும் காவலன்! முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் ஓசை நிற்கும் என்று நம்புவோரும் உண்டு. அது ஓசையை நிறுத்தாது. தீயை மட்டும் வரவேற்கும்.

இருவர் சாதாரணமாக உரையாடும் ஒலி ஏறத்தாழ 60 டெசிபல். 10 டெசிபல் குறைந்தால், நம் செவிக்கு ஓசை பாதியாகத் தோன்றும். வகுப்பறையில் பாடம் நடக்கும்போது பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டியது. காரணம் எளிது. வளர்ந்தவர் ஒரு சொல் கேட்காவிட்டால் ஊகித்துக்கொள்வார். புதிதாகக் கற்கும் குழந்தைக்கு ஊகிக்க ஏதுமில்லை. அது தவறாகக் கேட்டதையே சரியென்று மனனம் செய்துவிடும்.

வேர்க்கும் தகரம்

வேன் கட்டுவோர் அஞ்சும் மூன்றாவது பகையும் ஒன்றுண்டு, அது ஈரம். குளிர் நாடுகளில் இரவு முழுவதும் வேனுக்குள் உறங்குவோரின் மூச்சுக் காற்றிலுள்ள நீராவி, குளிர்ந்த இரும்பில் பட்டு நீராகத் துளிர்க்கும். நாருக்குள் அந்த நீர் இறங்கினால் பூஞ்சை பிடிக்கும். இரும்பு மறைவிலேயே துருப்பிடிக்கும். வேனில் தலைக்கு மேல் இடமும் குறைவு; ஒவ்வோர் அங்குலமும் பொன். எனவே அங்கே ரப்பர் தகட்டின் மேல், நீரை உறிஞ்சாத மூடிய அறைகளைக் கொண்ட ரப்பர் நுரைத் தகட்டை இடைவெளியே இல்லாமல் ஒட்டி, அதன் கீழே மெல்லிய பலகையோ துணியோ பொருத்தி முடிக்கிறார்கள். ஈரக் காற்று இரும்பைத் தொட வழியில்லாமல் செய்வதே அதன் நோக்கம்.

நம் ஊரிலும் மார்கழி விடியலில் தகரக் கூரையின் அடியில் முத்து முத்தாக நீர் கோர்த்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஒழுகல் அன்று, தகரத்தின் வியர்வை. ஆகவே அறையில் நார் வைப்போர் அதைத் தகரத்தோடு ஒட்டாமல், கீழே தனித் தட்டில் பரப்பி, இடையில் காற்று நுழைந்து வெளியேற ஓரங்களில் வழி விடவேண்டும். அந்த வழி கோடையில் சூடான காற்று வெளியேறவும் உதவும்.

செய்யத் தகாதவை

பாய் என்னை எச்சரித்தவற்றை உங்களுக்கும் அப்படியே ஒப்படைக்கிறேன்.

தெர்மோகோலையும் சாதாரண நுரைப் பஞ்சையும் வெறுமனே தலைக்கு மேல் ஒட்டி விடாதீர்கள். தீப்பற்றினால் உருகிச் சொட்டும். நச்சுப் புகை கக்கும். கும்பகோணத்தை மறவாத நாம், கீற்றை இறக்கிவிட்டு அதைவிடக் கொடிய எரிபொருளைக் கூரையில் ஏற்றலாமா? அடுப்பெரியும் இடத்திலும், பிள்ளைகள் கூடும் இடத்திலும் எரியாத பாறை நார், கண்ணாடி நார், ஜிப்சம் பலகை ஆகியவற்றையே நாடுங்கள். மின் கம்பிகளைக் குழாய்க்குள் செலுத்திய பின்னரே மூடுங்கள்.

கண்ணாடி நார் தோலில் பட்டால் அரிக்கும். மூச்சில் சென்றால் இருமல் வரும். வேலை செய்வோர் முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும். வைத்த பின் பிரிபிரியாக வெளியே தெரியாதபடி மூடவேண்டும்.

உங்கள் கூரை தகரமாக இல்லாமல் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தகடாக இருந்தால், இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. அதைத் துளையிடவோ, அறுக்கவோ, உலர்ந்த நிலையில் தேய்க்கவோ வேண்டாம். அதிலிருந்து எழும் நுண்ணிய இழைத் தூசு, பல ஆண்டுகள் கழித்து நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்க வல்லது. பிரிட்டன் 1999இல் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டது; நம் நாட்டிலோ அந்தத் தகடுகள் இன்னும் விற்பனையில் உள்ளன. அத்தகைய கூரையைத் தொந்தரவு செய்யாமல், கீழே சுவரோடு சுவராகத் தனிச் சட்டம் அடித்து, ஃபால்ஸ் சீலிங் அமைப்பதே பாதுகாப்பு.

நாங்கள் செய்தது

மறுபடியும் பெரியவர்களிடம் சென்று நின்றேன். முதல் பணம் என் அறியாமையால் வீணானது என்பதை மறைக்காமல் சொன்னேன். ஒரு பெரியவர், “ஹஜ்ரத், பிள்ளைக்குப் பாடம் மறந்தா நீங்க திரும்பச் சொல்லிக் கொடுக்கிறதில்லையா? நாங்களும் திரும்பத் தர்றோம்” என்றார். அந்தச் சொல்லின் கனிவை நான் மறவேன்.

இம்முறை படிப்படியாகச் செய்தோம். தெர்மோகோலை அகற்றினோம். முதலில் மேற்புறத்தில் வெள்ளைப் பூச்சு. இரண்டாவதாக நிழல் வலை. மூன்றாவதாக, உள்ளே சட்டத்துக்குச் சட்டம் நடுப்பகுதியில் மட்டும் ரப்பர் தகட்டுத் துண்டுகள். நான்காவதாக, தகரத்துக்கு அரையடி கீழே இரும்புச் சட்டம் அமைத்து ஜிப்சம் பலகை. அதன் முதுகின் மேல் இரண்டு அங்குலப் பாறை நார். நாரின் மேல் முகத்தில் அலுமினியப் படலம். படலத்துக்கும் தகரத்துக்கும் இடையே காற்று. இரு ஓரங்களிலும் பூச்சி வராத வலையடித்த காற்று வழிகள்.

பணத் தட்டுப்பாட்டால் ஒவ்வொரு படிக்கும் இடையே சில மாதங்கள் சென்றன. அதுவும் ஒரு நன்மையாயிற்று. எந்தப் படி எவ்வளவு பயன் தந்தது என்று காண முடிந்தது. வெயிலைப் பொறுத்தவரை வெள்ளைப் பூச்சே முதல் மாணவன். ஓசையைப் பொறுத்தவரை ரப்பர் துண்டுகளும் பாறை நாரும் சேர்ந்தே வென்றன. தனித்து எதுவும் வெல்லவில்லை.

சென்ற கோடையில் அதே வெப்பமானி, வெளியே 37 டிகிரி இருந்தபோது உள்ளே 38 காட்டியது. குளிர்சாதன அறையாகிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மின்விசிறி சுழன்றால் பிள்ளைகள் விழித்திருக்கிறார்கள், அது போதும். ஐப்பசியில் அடைமழை கொட்டிய ஒரு மாலை, பின் வரிசையிலிருந்து ஒரு பையன் ஓதினான். தொண்டையின் நடுவில் பிறக்க வேண்டிய எழுத்தை அடியிலிருந்து உச்சரித்தான். நான் இருந்த இடத்திலிருந்தே திருத்தினேன். திருத்திய பிறகுதான் உறைத்தது: மழை பெய்துகொண்டிருக்கிறது, பிழை என் காதில் விழுந்திருக்கிறது! சித்திரையில் நான் ஏசிய அதே பிள்ளைதான் அவன். அல்ஹம்துலில்லாஹ்!

உங்கள் இல்லத்தில் யார்?

வாசகர்களே, தாய்மார்களே! இது ஒரு மதரஸாவின் கதை மட்டுமன்று. உங்கள் வீட்டிலும் எங்கேனும் ஒரு தகரம் இருக்கும். கீழ்த்தளம் முழுவதும் காரை வீடு. மாடியில் தகரம் போட்ட ஓர் அறை. அங்கே யார் இருக்கிறார்கள்? பெரும்பாலும், ‘எனக்கு எது போதும் வாப்பா’ என்று விட்டுக்கொடுத்த முதியவர். அல்லது வாடகைக்கு வந்த ஏழைக் குடும்பம். பின்கட்டில் தகரம் வேய்ந்த அடுப்படியில் நண்பகல் முழுவதும் நிற்பவர் யார்? உங்கள் உம்மாவோ, மனைவியோ, மருமகளோதான்.

முதியவர்களுக்குத் தாக உணர்வு குறைவு. வெப்பத்தை வெளியேற்றும் உடலாற்றலும் குறைவு. பகலெல்லாம் காய்ந்த அறையில் இரவிலும் உடல் ஆறாவிட்டால், அது வெறும் அசௌகரியம் அன்று, உயிருக்கே ஆபத்து. அவர்கள் முறையிட மாட்டார்கள். முறையிடாததால் வருத்தமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. என் மாணவனும் முறையிடவில்லை, உறங்கித்தான் போனான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஒரு நாள், பிற்பகல் 3 மணிக்கு அந்தத் தகரத்தின் கீழ்ச் சென்று அரை மணி நேரம் அமர்ந்து பாருங்கள். விசிறியைப் போடாதீர்கள். பிறகு கூரையைத் தட்டிப் பாருங்கள். எந்த வாசலில் எந்தத் திருடன் வருகிறான் என்று கண்டறியுங்கள். கடைக்குச் செல்வது அதற்குப் பிறகு இருக்கட்டும். ஒரு வாளி வெள்ளைப் பூச்சிலிருந்து தொடங்கினாலும் போதும்.

நிழல் தருவதற்காகவே கூரை. அது வெயிலைவிடக் கொடியதாக இருக்குமானால், அதன் கீழே இருப்பவர் சார்பில் நாம்தான் எழுந்திருக்க வேண்டும்.